மேடையில் முழுதாக, திரையில் பாதியாக: ரிச்சர்ட் பிரையர் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் கறுப்பின மேடை நகைச்சுவைக் கலைஞரும் நடிகருமான ரிச்சர்ட் பிரையரின் படங்களில், 1982-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மார்ச் மாதம் வந்த 'லைவ் ஆன் த சன்செட் ஸ்ட்ரிப்' படத்தில் அவர் சிவப்பு உடையில் மேடையில் தனியாக நிற்கிறார். கையில் ஒரு மைக் மட்டும். தன் உடல் தீப்பற்றி எரிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், அந்தத் தீயைப் பற்றி அரங்கு நிறைந்த கூட்டத்திடம் பேசுகிறார். டிசம்பரில் வந்த 'த டாய்' படத்தில் அவர் வேலையில்லாத பத்திரிகையாளர். பிழைப்புக்காக ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை பார்க்கிறார். கடை முதலாளியின் மகன் உள்ளே வருகிறான். அங்கிருக்கும் எந்தப் பொம்மையும் அவனுக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கறுப்பினத்தவரைக் கைகாட்டி, இவர்தான் வேண்டும் என்கிறான். விலை பேசி வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். கதை நடக்கும் இடம், ஒரு காலத்தில் அடிமைச் சந்தைகள் இருந்த லூசியானா மாநிலம்.

'த டாய்' ஒரு பிரெஞ்சுப் படத்தின் மறுஆக்கம். மூலப்படத்தில் விலைக்கு வாங்கப்படுபவர் வெள்ளையர். பணம் எதையும் வாங்கிவிடும் என்னும் முதலாளித் திமிரைச் சாடும் கதை அது. அதே கதையில் பிரையரை நிறுத்தி லூசியானாவில் நடத்தினால் என்ன பொருள் கிடைக்கும் என்று எவரும் யோசிக்கவில்லை, அல்லது யோசித்தும் கவலைப்படவில்லை. வசூலில் 'த டாய்' மேடைப் படத்தை முந்தியது என்பதும் உண்மை.

தன் வாழ்க்கையை எவருக்கும் அஞ்சாமல் பேசிய ஒருவர், அதே ஆண்டில் எப்படி ஒரு சிறுவனின் விளையாட்டுப் பொருளாக நடிக்கச் சம்மதித்தார்? இந்த ஆய்வின் கேள்வி இதுதான். நடிக்கத் தெரியாதவர் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அவருக்கு எவ்வளவு நடிக்கத் தெரியும் என்பதற்குத் திரையிலேயே சான்றுகள் இருக்கின்றன. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோக்கள் பிரையரின் முகத்தையும் புகழையும் விலைக்கு வாங்கின. அவருடைய பேச்சை வாங்க அவற்றுக்குத் துணிவில்லை. அந்தப் பேச்சுதான் அவருடைய நடிப்பு. அது முழுமையாகப் பதிவானது, கதையே இல்லாமல் எடுக்கப்பட்ட மேடைப் படங்களில்தான்.

பியோரியா

1940 டிசம்பர் 1 அன்று இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் பிரையர் பிறந்தார். தந்தைவழிப் பாட்டி மேரி கார்ட்டர் அங்கே பாலியல் தொழில் விடுதி நடத்தி வந்தார். தாய் கெர்ட்ரூட் அந்த விடுதியில் தொழில் செய்தவர். தந்தை லெராய், முன்னாள் குத்துச்சண்டை வீரர். அவரும் அதே தொழிலின் தரகர். தாய் வீட்டைவிட்டுப் போன பிறகு சிறுவனை வளர்த்தது பாட்டிதான். ஏழு வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானான். பதினான்கு வயதில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டான்.

இந்தக் குழந்தைப்பருவத்தை இரக்கத்துக்குரிய கதையாக மட்டும் படிப்பது போதாது. அந்த வீட்டில் பலதரப்பட்ட மனிதர்கள் வந்துபோனார்கள். பகலில் தெருவில் மரியாதையோடு நடந்தவர் இரவில் வேறு முகத்தோடு வந்தார். வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போலீஸ்காரர்கள் வந்தார்கள், குடிகாரர்கள் வந்தார்கள். யார் எந்தக் குரலில் பேசினால் அடி விழும், யார் எப்படிச் சிரித்தால் ஆபத்தில்லை என்பதைக் கவனிப்பது ஒரு குழந்தைக்கு அங்கே பாதுகாப்பு. பிற்காலத்தில் மேடையில் கண நேரத்தில் ஒரு உடலிலிருந்து இன்னொரு உடலுக்கு அவர் தாவியதன் பயிற்சி இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும் என்று நம்புகிறேன்.

அவரிடம் நடிகர் ஒருவர் இருப்பதை முதலில் கண்டவர் ஜூலியட் விட்டேக்கர். பியோரியாவின் கார்வர் சமூக மையத்தில் நாடகம் நடத்தி வந்த பெண்மணி. சிறுவன் பிரையருக்கு நாடகத்தில் வேடம் கொடுத்து, அவனை மேடைக்குப் பழக்கினார். பின்னாளில் நடிகை லிலி டாம்லினின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எழுதியதற்காக எம்மி விருது கிடைத்தபோது, பிரையர் அந்தச் சிலையை இந்த ஆசிரியரிடமே கொடுத்துவிட்டார்.

1958 முதல் 1960 வரை ராணுவத்தில் இருந்தார். மேற்கு ஜெர்மனியில் பணி. அதில் பெரும்பகுதி ராணுவச் சிறையில் கழிந்தது. இனவெறியால் ஒரு குடும்பம் சிதைவதைச் சொல்லும் படம் ஒன்றைத் திரையிட்டபோது, வெள்ளைச் சிப்பாய் ஒருவன் துயரமான இடங்களில் சிரித்தான் என்பதற்காக, பிரையரும் வேறு சில கறுப்பினச் சிப்பாய்களும் அவனை அடித்துக் கத்தியால் குத்தினார்கள். அவன் உயிர் பிழைத்தான். யார் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது இந்த மனிதருக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது.

இரவல் குரலிலிருந்து சொந்தக் குரலுக்கு

1963-இல் நியூயார்க் வந்தார். அன்று கறுப்பின நகைச்சுவைக் கலைஞர்களில் வெள்ளை ரசிகர்களும் கொண்டாடியவர் பில் காஸ்பி. பிரையர் அவரைப் பின்பற்றினார்: சண்டை சச்சரவற்ற, குடும்பத்தோடு கேட்கத்தக்க கதைகள். தொலைக்காட்சி வாய்ப்புகள் வந்தன. எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றினார். லாஸ் வேகஸ் அழைத்தது. நல்ல சம்பளம், நல்ல சூட்.

1967 செப்டம்பரில் வேகஸின் அலாடின் ஹோட்டல் மேடையில் ஏறினார். கூட்டத்தைப் பார்த்தார், முன்னால் பாடகர் டீன் மார்ட்டின் அமர்ந்திருந்தார். நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று மைக்கிலேயே கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். சொற்கள் இதைவிடக் காரமானவை.

இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதுகிற பலர், அன்றிரவே புதிய பிரையர் பிறந்துவிட்டார் என்பதுபோல எழுதுகிறார்கள். அப்படி நடக்கவில்லை. அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் பழைய பாணியும் புதிய பாணியும் கலந்தே ஓடின. மாற்றம் முற்றியது 1970-களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில். இஷ்மயேல் ரீட், செசில் பிரவுன், ஆல் யங் போன்ற கறுப்பின எழுத்தாளர்களுடன் அங்கே பழகினார். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸின் பேச்சுகளைப் படித்தார். சின்னச் சின்ன கிளப்களில் ஏறி, சிரிப்பு வருமா வராதா என்ற கவலையே இல்லாமல் பேசிப் பார்த்தார்.

அங்கிருந்து திரும்பியவரிடம் துணுக்குகள் இல்லை, மனிதர்கள் இருந்தார்கள். தெருமுனையில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் குடிகாரக் கிழவர், போதைக்கு அடிமையான இளைஞனைப் பார்த்துத் தகப்பன்போல அறிவுரை சொல்கிறார். அந்தக் காட்சியில் கிண்டல் ஒரு பங்கு என்றால் கனிவு மூன்று பங்கு. மிசிசிப்பியின் டுப்பெலோ ஊரிலிருந்து வந்த மட்போன் என்னும் முதியவர், எச்சில் துப்பிக்கொண்டே, நம்ப முடியாத கதைகளை நம்பும்படி சொல்கிறார். அந்தக் குரலில் கறுப்பினத்தவரின் வாய்மொழி மரபு முழுவதும் நடந்து வருகிறது. 1974-இல் வெளியான அவருடைய இசைத்தட்டு கிராமி விருது பெற்றது. அதை அடுத்து வந்த இரண்டும் பெற்றன. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லை அந்த மூன்று தட்டுகளில் இரண்டின் தலைப்பிலேயே வைத்திருந்தார். எங்களை அடித்த சொல் எங்கள் கையில் இருக்கட்டும் என்பது அன்றைய அவருடைய நிலை. 1979-இல் கென்யா போய்வந்த பிறகு அதை மாற்றிக்கொண்டார்: ஒரு ஹோட்டலில் அமர்ந்து சுற்றிலும் பார்த்தபோது, அந்தச் சொல்லுக்குப் பொருந்தும் ஒருவர்கூட அங்கே இல்லை என்று உணர்ந்ததாக மேடையில் சொன்னார். அதன் பிறகு அதை விட்டுவிட்டார். தனக்குப் பெயர் வாங்கித் தந்த ஆயுதத்தைப் புகழின் உச்சியில் கீழே வைத்த கலைஞர்கள் அபூர்வம்.

ஸ்டுடியோக்கள் எதை எடுத்துக்கொண்டன

திரையில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் வேடம், 1972-இல் டயானா ராஸ் நடித்த 'லேடி சிங்ஸ் த ப்ளூஸ்' படத்தில் வரும் பியானோக்காரர். சின்ன வேடமாகத் தொடங்கியது, அவர் நடிக்க நடிக்கப் பெரிதானது. சிரிக்க வைத்துக்கொண்டே சாவை நோக்கிப் போகிறவர் அந்தப் பாத்திரம். அதைப் பார்த்த எவருக்கும் இவர் வெறும் நகைச்சுவை நடிகர் அல்ல என்பது புரிந்திருக்க வேண்டும்.

ஆனால் நடந்தது வேறு. இயக்குநர் மெல் புரூக்ஸ் 'ப்ளேஸிங் சாடில்ஸ்' படத்துக்கான திரைக்கதையில் பிரையரைச் சேர்த்துக்கொண்டார். கறுப்பின ஷெரிஃபாக அவரே நடிக்க வேண்டும் என்று விரும்பினார். வார்னர் நிறுவனம் மறுத்துவிட்டது. போதைப் பழக்கமும், அவர் எப்போது என்ன செய்வார் என்று சொல்ல முடியாத நிலையும் காரணமாகச் சொல்லப்பட்டன. வேடம் கிளீவன் லிட்டிலுக்குப் போனது. 1974-இல் படம் பெரும் வெற்றி. எழுத்து வேண்டும், எழுதியவர் வேண்டாம் என்று நிறுவனம் சொன்னதன் பொருளைப் பிரையர் நன்றாகவே புரிந்துகொண்டிருப்பார்.

1976-இல் 'சில்வர் ஸ்ட்ரீக்'. ஜீன் வைல்டர் கதாநாயகன். பிரையர் படம் ஏறக்குறைய பாதி ஓடிய பிறகுதான் வருகிறார். வந்ததும் படத்தின் வேகமே மாறிவிடுகிறது. போலீசிடமிருந்து தப்ப, ரயில் நிலையக் கழிப்பறையில் வைல்டர் முகத்தில் ஷூ பாலிஷ் பூசிக்கொண்டு கறுப்பினத்தவராக வேடமிடும் காட்சி இதில் இருக்கிறது. எழுதியிருந்தபடி, ஒரு வெள்ளையர் உள்ளே வந்து அந்த வேடத்தை நம்பி ஏமாற வேண்டும். பிரையருக்கு அது உறுத்தியது. உள்ளே வருபவர் கறுப்பினத்தவராக இருக்கட்டும், அவர் ஒரு கணமும் ஏமாறாமல் இருக்கட்டும் என்றார். அப்படியே எடுத்தார்கள். நிலைமை தலைகீழாயிற்று: கேலிக்குரியது இப்போது கறுப்பு நிறம் அல்ல, அதைப் பூசிக்கொண்டு திரிபவர். ஒரு பாத்திரத்தை மாற்றி ஒரு காட்சியின் நியாயத்தையே மாற்றிய இந்த அறிவைப் பின்னாளில் எந்தத் தயாரிப்பாளரும் தேடிப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அவர்கள் கண்டது வேறொன்று: அச்சத்தில் விரியும் அந்தக் கண்கள். துப்பாக்கி முன், ஜெயிலில், உயரமான கட்டடத்தின் விளிம்பில் பதறி நடுங்கும் பிரையர். அந்த முகபாவத்தை அடுத்த பதினைந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படம்பிடித்தார்கள்.

தொலைக்காட்சியும் இதையே செய்தது. 1975 டிசம்பரில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க அவரை அழைத்தார்கள். பால் மூனி எழுதிய ஒரு வேலைவாய்ப்பு நேர்காணல் காட்சி அதில் இடம்பெற்றது: சொல்லுக்குச் சொல் என்று தொடங்கிய விளையாட்டில் நடிகர் செவி சேஸின் வாயிலிருந்து ஒவ்வொன்றாக இனவசைகள் வர, பிரையரின் கன்னம் துடிக்கத் தொடங்கும். அமெரிக்கத் தொலைக்காட்சி அதுவரை காட்டத் துணியாத ஒன்று அது. ஆனால் 1977-இல், அந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பிய அதே என்பிசி தொலைக்காட்சி கொடுத்த தனி நிகழ்ச்சி நான்கு பகுதிகளோடு முடிந்துபோனது. முதல் பகுதியிலேயே தணிக்கை. என்பிசிக்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லும் பிரையரின் உடல் முழுவதும் திரையில் தெரியும்போது, பிறப்புறுப்பு இல்லாத அந்த உடலே விட்டுக்கொடுத்தது என்ன என்று காட்டிவிடும்படி அமைந்த தொடக்கக் காட்சியை ஒளிபரப்பவே விடவில்லை.

விதிவிலக்கு

1978-இல் பால் ஷ்ரேடர் இயக்கிய முதல் படம் 'ப்ளூ காலர்'. டெட்ராய்ட் கார் தொழிற்சாலையில் மூன்று தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தின் பெட்டகத்தையே கொள்ளையடிக்கிறார்கள்; பணத்தைவிட ஆபத்தான கணக்குப் புத்தகம் ஒன்று கையில் சிக்குகிறது. பிரையர், ஹார்வி கைட்டல், யாஃபெட் கோட்டோ ஆகிய மூவரும் படப்பிடிப்பில் ஓயாமல் மோதிக்கொண்டார்கள். அதில் நடிப்பு முறை சார்ந்த சிக்கலும் ஒன்று: பிரையர் மேடைக்காரர், முதல் சில டேக்குகளிலேயே தன் உச்சத்தைத் தொட்டுவிடுவார், ஒவ்வொரு முறையும் புதிதாக வசனம் சேர்ப்பார். நாடகப் பயிற்சி பெற்ற கைட்டலுக்கு ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லித்தான் சூடேறும்.

அந்த உரசல் படத்துக்கு நன்மையாக முடிந்தது என்பது என் கருத்து. பிரையர் ஏற்ற ஸீக் பிரவுன் என்னும் பாத்திரம் முதலில் சங்கக் கூட்டத்தில் எழுந்து உடைந்த லாக்கருக்காகச் சண்டை போடுகிறது, கூட்டம் சிரிக்கிறது. கடைசியில் அதே மனிதர் பதவிக்கு விலைபோகிறார். வருமான வரி அதிகாரி வீட்டுக்கு வரும் காட்சியில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகக் காட்டிச் சமாளிக்க முயல்கிறார். சிரிப்பு வருகிறது, சில நொடிகளில் அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. விலைபோன பிறகு அந்தப் பாத்திரம் தன் நியாயத்தைச் சொல்லும் இடத்தில் பிரையர் எந்தச் சலுகையும் கேட்கவில்லை. நம் இரக்கத்தைக் கெஞ்சிப் பெறவில்லை. அமெரிக்கத் தொழிலாளர் வாழ்வைச் சொன்ன படங்களில் இதற்கு இணையான நடிப்பு மிகக் குறைவு.

படம் பெரிதாக ஓடவில்லை. இன்னொரு 'ப்ளூ காலர்' அவருக்குக் கிடைக்கவும் இல்லை.

லாங் பீச், 1978 டிசம்பர்

கதைப்படங்களில் கிடைக்காத பிரையர் முழுமையாகக் கிடைப்பது, 1978 டிசம்பர் இறுதியில் கலிபோர்னியாவின் லாங் பீச் நகர டெரஸ் தியேட்டரில் படமாகி அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வெளிவந்த 'லைவ் இன் கான்சர்ட்' படத்தில். ஒரே ஒரு நகைச்சுவைக் கலைஞரின் மேடை நிகழ்ச்சியை மட்டும் முழுநீளப் படமாகத் திரையரங்குகளில் ஓட்டியதில் இதுவே முன்னோடி. ஜெஃப் மார்கோலிஸ் இயக்கினார். இயக்கம் என்று பெரிதாக எதுவும் இல்லை, தேவையும் இல்லை. கேமரா அவருடைய உடலைத் தவறவிடாமல் பின்தொடர்ந்தால் போதும்.

இடைவேளை முடிந்து கூட்டம் இருக்கைகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்போதே மேடைக்கு வந்துவிடுகிறார். தங்கள் இருக்கைகளில் கறுப்பினத்தவர் அமர்ந்திருப்பதைக் கண்டு திகைக்கும் வெள்ளையர்களைப் பற்றிய பேச்சோடுதான் தொடக்கம். இரு தரப்பும் சேர்ந்து சிரிக்கிறது. 1978-இல் அது சாதாரணச் சாதனை இல்லை.

அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவர் செய்வதை எந்தக் கதைப்படமும் அவரிடம் கேட்டதில்லை. 1977-இல் அவருக்கு மாரடைப்பு வந்தது. அந்த இதயத்தை ஒரு அடியாளாக்கி நடிக்கிறார். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல், மூச்சு விடாதே என்று மிரட்டுகிறது. கைமுட்டியை மார்பில் முறுக்கிக்கொண்டே ஒரு முழங்காலில் விழுகிறார், பிறகு மறு முழங்காலில், பிறகு மல்லாந்து. பன்றிக்கறி தின்றபோது என்னை நினைத்தாயா என்று இதயம் கேட்கிறது. அடிப்பவரும் அடிபடுபவரும் ஒரே உடலில் இருக்கிறார்கள். இரண்டு முகங்களும் நமக்குத் தனித்தனியாகத் தெரிகின்றன.

அவர் வளர்த்த குரங்குகள் இறந்துபோகின்றன. துக்கத்தில் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தினமும் தன்னைத் துரத்தும் பக்கத்து வீட்டு அல்சேஷன் நாய் வேலி தாண்டி வந்து, என்ன ஆயிற்று என்று விசாரிக்கிறது. ஆறுதல் சொல்கிறது. திரும்பிப் போகும்போது, நாளை வழக்கம்போலத் துரத்துவேன், தெரியும் அல்லவா என்று சொல்லிவிட்டுப் போகிறது. அந்த நாயின் கழுத்துச் சாய்வில், முன்னங்கால் வைப்பில் எவ்வளவு கவனிப்பு! காட்டில் நீர் குடிக்கும் மான் ஓசை கேட்டு நிமிரும் கணத்தை அவர் கழுத்தையும் காதையும் மட்டும் வைத்துக் காட்டுகிறார், அரங்கம் அமைதியாகிவிடுகிறது.

பாட்டி மேரியும் வருகிறார். தப்பு செய்த பேரனை, அடிவாங்குவதற்கான குச்சியை அவனே மரத்திலிருந்து ஒடித்துவர அனுப்பும் பாட்டி. குச்சி காற்றில் எழுப்பும் ஓசைக்கே அழத் தொடங்கிவிடும் சிறுவனாக அவர் வீட்டை நோக்கி நடந்து வருகிறார். அந்தப் பாட்டி இறந்ததும் அதே டிசம்பர் மாதம்தான். மேடையில் அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை; பாட்டியின் குரலை மட்டும் கொண்டுவருகிறார்.

இந்தத் திறன் ஒரே இரவில் வந்ததல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய நிகழ்ச்சிகளுக்கு முன் லாஸ் ஏஞ்சலிஸின் காமெடி ஸ்டோர் கிளப்பில் இரவிரவாக ஏறி, கையில் எழுத்து எதுவும் இல்லாமல் பேசிப் பேசி ஒவ்வொரு பகுதியையும் உருவாக்குவது அவருடைய வழக்கம். கூட்டத்தின் மூச்சு எங்கே நிற்கிறது, எங்கே தளர்கிறது என்பதை வைத்தே அடுத்த இரவுக்கான வடிவத்தை முடிவு செய்வார். அதாவது அவருக்குத் திரைக்கதை ஆசிரியர், படத்தொகுப்பாளர், எதிர்நடிகர் எல்லாம் அந்தக் கூட்டம்தான். படப்பிடிப்புத் தளத்தில் சிரிக்கக்கூடாது என்ற கட்டளையோடு நிற்கும் முப்பது தொழில்நுட்பக் கலைஞர்களுக்கு முன்னால், வேறொருவர் எழுதிய வசனத்தோடு அவரை நிறுத்தினால், அவருடைய கருவிகளில் பாதியைப் பிடுங்கிக்கொண்டதாகத்தானே பொருள்? மேடையில் பத்து உயிர்களாக மாறும் ஒருவருக்குத் திரை ஒரு வேடத்தை மட்டும் கொடுத்தது; அதையும் பெரும்பாலும் பயந்தாங்கொள்ளி வேடமாகக் கொடுத்தது.

2021-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'லைவ் இன் கான்சர்ட்' சேர்க்கப்பட்டது. இவ்வளவு தாமதம் ஏன் என்பதே என் வருத்தம்.

தீ

1980 ஜூன் 9 அன்று, பல நாள் கொக்கைன் போதைக்குப் பிறகு, பிரையர் தன் மேல் கடும் வீரியமுள்ள ரம்மை ஊற்றித் தீ வைத்துக்கொண்டார். எரியும் உடலோடு வீட்டைவிட்டுத் தெருவில் ஓடினார். உடலில் ஏறத்தாழ பாதி வெந்துபோனது. ஷெர்மன் ஓக்ஸ் தீக்காய மருத்துவமனையில் ஆறு வாரம் இருந்தார். முதலில் இது விபத்து என்றுதான் சொல்லப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் 'ஸ்டிர் கிரேஸி' வெளிவந்தது. தீ விபத்துக்கு முன்பே எடுக்கப்பட்ட படம். இயக்கியவர் சிட்னி பாய்ட்டியர். 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கறுப்பின இயக்குநர் ஒருவரின் படம் அந்த எல்லையைத் தாண்டியது அதுவே முதல்முறை. உடல் வெந்த மனிதர் ஆறு மாதத்தில் நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதங்கள் குவிந்தன.

1981 டிசம்பரில் ஹாலிவுட் பல்லேடியம் அரங்கில் 'லைவ் ஆன் த சன்செட் ஸ்ட்ரிப்' படமானது. முதல் இரவு அவரால் முடியவில்லை. பாதியில் மேடையைவிட்டுப் போனார். மறுநாள் வந்தார். கொக்கைன் குழாய் அவரிடம் பேசுகிறது: இனிமையாக, காதலிபோல, வெளியே போகாதே, என்னோடு இரு என்கிறது. நண்பர் ஜிம் பிரவுன் வந்து, என்ன செய்யப் போகிறாய் என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். போதையைப் பற்றி இதைவிட உண்மையான நாடகத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்றைக் குறித்தாக வேண்டும். இந்த மேடையிலும் அவர் முழு உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு வகைப் பாலைக் கலந்து பிஸ்கட்டை நனைத்தேன், வெடித்துவிட்டது என்ற வேடிக்கைக் கதை வருகிறது. தானே தீ வைத்துக்கொண்டதை அவர் திரையில் காட்டியது 1986-இல், தானே இயக்கி நடித்த 'ஜோ ஜோ டான்சர்' என்னும் கதைப்படத்தில். தன் வாழ்க்கையை ஒட்டிய அந்தப் படத்தில் நாயகன் ரம்மை எடுத்துத் தன் தலைமேல் ஊற்றிக்கொள்கிறான். மேடை மறைத்ததைக் கற்பனைப் பாத்திரம் என்ற போர்வையில் திரை சொன்ன ஒரே இடம் இது. படம் சீரற்றது, பல காட்சிகள் அவசரமாக முடிகின்றன. என்றாலும் திரைப்படத்தை அவர் எப்படிப் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பதற்கான குறிப்பு அதில் இருக்கிறது. என் முடிவுக்கு எதிரான சான்று என்று யாராவது இதைக் காட்டினால் மறுக்க மாட்டேன். அதை எழுதி, இயக்கி, நடித்தவர் அவரே என்பதை மட்டும் நினைவூட்டுவேன்.

நான்கு கோடி டாலர்

1983-இல் 'சூப்பர்மேன் 3' படத்தில் நடிக்க 40 லட்சம் டாலர் வாங்கினார். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டஃபர் ரீவைவிட அதிகம். அந்தப் படத்தில் அவருக்கு இருந்த வேலை, கணினி முன்னால் முழிப்பது. அதே ஆண்டில் கொலம்பியா நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. இண்டிகோ என்ற சொந்தத் தயாரிப்பு நிறுவனம் அமைந்தது. ஜிம் பிரவுன் தலைவர். கறுப்பினக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு கதவு திறந்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரையரே பிரவுனை நீக்கிவிட்டார். அதிலிருந்து வந்தவை ஒரு மேடைப் படம், 'ஜோ ஜோ டான்சர்', அவ்வளவுதான்.

இங்கே பழியை ஸ்டுடியோக்கள் மேல் மட்டும் போட்டுவிட்டுப் போக முடியாது. அதிகாரம் கைக்கு வந்தபோது அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. போதை ஒரு காரணம். பணத்துக்காக எதையும் ஏற்கும் சலிப்பு இன்னொன்று. எந்த நிறுவனத்தையும், எந்த நண்பரையும் நீண்ட நாள் நம்ப முடியாத மனம் மூன்றாவது. பியோரியா வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

அவரோடு வாழ்ந்த பெண்கள் பட்ட அடிகளையும் சொல்லாமல் விடக்கூடாது. ஐந்து பெண்களை ஏழு முறை திருமணம் செய்தார். இருவரை இரண்டு முறை. பெண்களை அடித்ததைத் தன் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மனைவி கிளம்பிப் போகக்கூடாது என்று அவருடைய காரைத் துப்பாக்கியால் சுட்ட கதை 'லைவ் இன் கான்சர்ட்' படத்தில் பெரும் சிரிப்பை எழுப்புகிறது. சக்கரத்தின் உயிர் போகும் ஓசை, போலீஸ் வந்ததும் வீட்டுக்குள் ஓடும் கால்கள், போலீஸார் கொல்வது கார்களை அல்ல, கறுப்பினத்தவரைத்தான் என்ற வாக்கியம், எல்லாம் அற்புதமான கலை. போலீஸ் பற்றிய அந்த வாக்கியம் இன்றும் சுடுகிறது. ஆனால் அந்தக் காருக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு அந்தக் கதையில் குரல் இல்லை. இதயத்துக்கும் நாய்க்கும் கார்ச் சக்கரத்துக்கும் குரல் கொடுத்தவர் அவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. இதை நான் அவருடைய கலையின் குறையாகவே கருதுகிறேன். சொந்த வாழ்க்கை வேறு, கலை வேறு என்று ஒதுக்க மாட்டேன்.

1986-இல் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்னும் நரம்பு நோய் உறுதியானது. அதற்குப் பின் வந்த படங்களில் உடல் மெலிவதையும் அசைவு குறைவதையும் கண்ணாலேயே பார்க்கலாம். ஜீன் வைல்டருடன் நடித்த நான்காவதும் கடைசியுமான படம் 1991-இல் வந்தபோது, பார்ப்பதே வேதனையாக இருந்தது. உடலையே மொழியாகக் கொண்டவருக்கு உடல் போனது. 1990-களின் தொடக்கத்தில் காமெடி ஸ்டோர் மேடையில் உட்கார்ந்தபடியே பேசினார்; அந்த நோயையே பேசுபொருளாக்கினார். 1998-இல் கென்னடி மையம் அமெரிக்க நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் விருதைத் தொடங்கியபோது முதல் விருது அவருக்குத்தான். 2005 டிசம்பர் 10 அன்று மாரடைப்பால் இறந்தார், வயது 65.

புதிதாகப் பார்க்க விரும்புவோர் 'லைவ் இன் கான்சர்ட்' படத்தில் தொடங்கலாம், அடுத்து 'ப்ளூ காலர்', அதன் பிறகு 'லைவ் ஆன் த சன்செட் ஸ்ட்ரிப்'. 'சில்வர் ஸ்ட்ரீக்' படத்தில் அந்தக் கழிப்பறைக் காட்சியை, அது முதலில் எப்படி எழுதப்பட்டிருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். 'த டாய்' படத்தையும் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். அவருக்கு இழைக்கப்பட்டது என்ன, அவரே தனக்கு இழைத்துக்கொண்டது என்ன என்று தெரிந்துகொள்ள அதைவிடத் தெளிவான ஆவணம் வேறு இல்லை.